இரண்டு மடக்கு மூச்சு

பிப்ரவரி 11

அன்பு அண்ணாவுக்கு,

உன் பீப்பி எழுதுகிறேன். நான் நன்றாக இருக்கிறேன். நீயும் அண்ணியும் சுகம்தானே? உன் முதுகு எப்படி இருக்கிறது? மாவு மூட்டை தூக்க ஆள் வைத்துக்கொண்டாயா, இல்லை இன்னும் நீயே பயில்வான் வேஷம் கட்டுகிறாயா?

உறையைப் பார்த்ததுமே நீ என்ன சொல்லியிருப்பாய் என்று தெரியும். "வாராவாரம் காது புளிக்கப் பேசுறவளுக்கு இப்ப என்ன திடீர்னு பேனா?" என்றிருப்பாய். என் போன் மாடிப்படியில் உருண்டு உயிரை விட்டுவிட்டது. புதிது வாங்கும்வரை பேனாதான்.

ஒரு நல்ல செய்தி இருக்கிறது. ஜூன் மாதம் துறைமுகத்துப் பழைய கிடங்கில் பகல் நேர டான்ஸ் ஆட்டம் ஒன்று ஏற்பாடாகியிருக்கிறது. என் கச்சேரிதான் முக்கியம். ரேடியோவில் நேரடியாகப் போடப்போகிறார்கள். நான் மேடை ஏறுமுன் அறிவிப்பாளர் வாசிப்பதற்காக என் கதையை ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். எழுத உட்கார்ந்தால் அரைப் பக்கம்கூடத் தேறவில்லை.

பள்ளிக்கூட பேண்டில் யாரும் சுமக்க மாட்டேன் என்ற சாக்ஸபோனை என் தலையில் கட்டினார்கள். பிறகு ஹோட்டல் வரவேற்பறையில், யாரும் திரும்பிக்கூடப் பார்க்காத ஒரு மூலையில் ஊதினேன். அங்கே ஒருநாள் வந்தார் தட்டுக்காரர். ஆட்டக்கூடத்தில் இசைத்தட்டு சுழற்றும் டீஜேவுக்கு நாங்கள் வைத்த பெயர் அது. "டும் டும்னு அது பாட்டுக்கு ஓடும், நடுவுல நீ ஊது" என்று கூட்டிப்போனார். ஒருநாள் பாட வேண்டிய பெண் வரவில்லை. நான் வாயிலிருந்து சாக்ஸபோனை எடுத்துவிட்டு, வாய்க்கு வந்த ஒரு வரியைப் பாடினேன். "உள்ள வா, இன்னும் இடமிருக்கு." அந்த ஒரு வரிதான் இத்தனை வருஷமாக எனக்குச் சோறு போடுகிறது.

ஏதாவது விட்டுப்போயிருந்தால் எழுது. அண்ணிக்கு என் அன்பைச் சொல்.

உன் தங்கை


பிப்ரவரி 20

அன்புத் தங்கை பீப்பிக்கு,

ஆசிகள். இங்கே எல்லோரும் சௌக்கியம். மூட்டை தூக்க ஆள் வைக்கவில்லை, முதுகுக்கு இன்னும் என்மேல் மரியாதை இருக்கிறது. உன் அண்ணியின் டிரைவிங் ஸ்கூலில் புதிதாக ஒரு பெரிய மனிதர் சேர்ந்திருக்கிறார். எதிரே சைக்கிள் வந்தாலே ஸ்டியரிங்கை விட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொள்கிறாராம். அந்தக் கோபம் முழுக்க வீட்டுக்கு வந்து என்மேல் இறங்குகிறது.

போன் உடைந்தால் போன் வாங்க வேண்டும், தபால்தலை வாங்கக் கூடாது. என் பழைய போனைப் பார்சலில் போட்டிருக்கிறேன். கிடைத்த உடனே பேசு.

விட்டுப்போனதைக் கேட்டாயே, முக்கியமானதையே விட்டுவிட்டாய். வீட்டில் நீ ஊதப்போய் எதிர்வீட்டுக்காரர் ஜன்னல் வழியாகச் செருப்பு எறிந்தது எங்கே? நான் உன்னைப் பேக்கரியின் பின்பக்கம் கூட்டிவந்து மாவு மூட்டைகளுக்கு நடுவில் உட்கார வைத்தது எங்கே? மூட்டை சத்தத்தைக் குடித்துவிடும் என்று கண்டுபிடித்த விஞ்ஞானி நான். அதை வாசிக்கச் சொல். உன் டும் டும் ஆட்டப் பாட்டுக்கு ஹவுஸ் மியூசிக் என்று பெயராமே, வீட்டில் ஒரு துரும்பைக்கூட நகர்த்தாதவள் ஹவுஸ் மியூசிக் பாடுகிறாள் என்பதையும் வாசிக்கச் சொல்.

ரேடியோவில் உன் பாட்டு வந்தால், மாவு பிசையும் மிஷினும் அதுவும் ஒரே வேகத்தில் டும் டும் என்று போகும். ஆனால் உன் குரல் வந்ததும் நான் மிஷினை நிறுத்திவிடுவேன். அம்மா உயிரோடு இருந்தவரை பேசியது எதையும் நாம் பதிவு செய்து வைக்கவில்லை. "இன்னும்" என்று நீ மேலே ஏறுகிற இடத்தில் அப்படியே அம்மா. மாடியிலிருந்து நம்மைச் சாப்பிடக் கூப்பிடுவாளே, அதே ஏற்றம். அந்த ஒரு நிமிஷத்துக்காகவே ரேடியோவை அணைக்காமல் வைத்திருக்கிறேன்.

இன்னொன்று. நீ எதையோ மறைக்கிறாய். சின்ன வயதில் கட்டிலுக்கு அடியில் ஒளிந்தால் உன்னைத் தேட வேண்டிய வேலையே இருக்காது. மூச்சை இரண்டு மடக்காக இழுப்பாய், உஸ், உஸ் என்று. வாசலில் நின்றே பிடித்துவிடுவேன். காகிதத்தில் அது கேட்காது என்று தைரியமாக இருக்காதே.

அண்ணன்


பிப்ரவரி 28

மதிப்புக்குரிய அண்ணிக்கு,

வணக்கம். நலமா? வீட்டு விலாசத்தை விட்டுவிட்டு உங்கள் டிரைவிங் ஸ்கூலுக்கு எழுதுகிறேன் என்றால் விஷயம் உங்களுக்குப் பாதி புரிந்திருக்கும்.

போன் உடையவில்லை. உடைந்தது என் தொண்டை. குரல் நரம்பில் சின்னதாக ஒரு முடிச்சு வளர்ந்திருந்தது, அறுத்து எடுத்துவிட்டார்கள். பயப்படும்படி ஒன்றும் இல்லை என்று சோதனையில் வந்துவிட்டது. ஆனால் வாயைத் திறந்து ஒரு வார்த்தைகூடப் பேசக் கூடாது என்பது டாக்டர் உத்தரவு. கடைக்குப் போனாலும் விரலைக் காட்டித்தான் வாங்குகிறேன். இறங்க வேண்டிய இடத்தைச் சொல்ல முடியாமல் பஸ்ஸில் கடைசி நிறுத்தம்வரை போய்த் திரும்பினேன். சிரிக்கவும் கூடாதாம், அதனால் அண்ணாவின் கடிதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் படிக்கிறேன்.

"பேசுவீங்க, அதுக்கு நான் பொறுப்பு. பாடுறது பாடிப் பார்த்தாத்தான் தெரியும். பழைய குரலா இருக்காது, கீழ இறங்கும்" என்றார் டாக்டர். ஜூன் மாதக் கச்சேரியை நான் இன்னும் கைவிடவில்லை.

அண்ணாவிடம் சொல்லிவிடாதீர்கள். நான் ஒரு பல் பிடுங்கியதற்கே மூன்று பஸ் மாறி வந்து டாக்டரோடு சண்டை போட்ட மனிதர். அது மட்டும் காரணமில்லை, அண்ணி. என் பாட்டில் அவருக்கு அம்மா குரல் கேட்கிறதாம். அந்தக் குரல்தான் போய்விட்டது. அதை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

உங்கள் நாத்தனார்


மார்ச் 9

அன்புள்ள நாத்தனாருக்கு,

நாங்கள் நலம். நீ நலம் என்று இனிமேல் நீ எழுதினால் நம்ப மாட்டேன்.

படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. தனியாக ஆஸ்பத்திரிக்குப் போய்ப் படுத்துக்கொண்டு, தனியாக எழுந்து வந்திருக்கிறாய். ஒரு வரி எழுதியிருந்தால் ஸ்கூல் காரையே எடுத்துக்கொண்டு வந்திருப்பேன். சரி, போனது போகட்டும். வேளைக்குச் சாப்பிடு. தொண்டையை ஈரமாக வைத்துக்கொள்.

உன் அண்ணனிடம் சொல்லவில்லை. ஆனால் நீ எனக்குக் கொடுத்திருப்பது லேசான வேலை இல்லை. அவர் உன் கடிதத்தைச் சாப்பாட்டு மேஜையில் சத்தமாகப் படித்துக் காட்டுகிறார். "போன் போய்ச் சேர்ந்திருக்கும், ஏன் பேச மாட்டேங்கறா?" என்று தினமும் கேட்கிறார். நான் ரொட்டியைப் பார்த்துக்கொண்டே தலையாட்டுகிறேன். கல்யாணமான நாளிலிருந்து அவரிடம் எதையும் மறைத்ததில்லை. இப்போது உனக்காக மறைக்கிறேன்.

ஒரே ஒரு நிபந்தனை. குரல் வந்ததும் முதல் போன் அவருக்குத்தான் போக வேண்டும்.

அண்ணி


ஏப்ரல் 14

அன்பு அண்ணாவுக்கு,

சுகம், சுகமறிய ஆவல். இவ்வளவு நாள் எழுதாததற்குத் திட்டாதே. நீ அனுப்பிய போன் பத்திரமாக வந்தது, ஆனால் சார்ஜ் ஏற மாட்டேன் என்று அடம் பிடிக்கிறது. உன்னிடம் இருந்த பொருளாயிற்றே.

ஒத்திகை ஆரம்பித்துவிட்டது. இப்போதைக்கு நான் சாக்ஸ் மட்டும்தான் ஊதுகிறேன். தட்டுக்காரர் வேலை செய்வது ஒரு அச்சகத்துக்கு மேல் இருக்கும் சின்ன அறை. முட்டை அட்டைகளைச் சுவரெல்லாம் ஒட்டியிருக்கிறார். கீழே அச்சு மிஷின் ஓட ஆரம்பித்தால் நாங்கள் நிறுத்திவிட்டு டீ குடிக்க வேண்டும். ஒருநாளைக்கு எத்தனை டீ தெரியுமா?

தட்டுக்காரர் ஒரு யோசனை சொல்கிறார். "பழைய குரலை நான் தட்டுல ஓட விடுறேன். நீ பாட வேணாம், ஊது. ஒரே ஆள் ஒரே நேரத்துல பாடிக்கிட்டே ஊதற மாதிரி இருக்கும். உலகத்துல யாராலயும் முடியாத வித்தை!" என்கிறார். நியாயம்தான். வாய் ஒன்றுதானே. இத்தனை வருஷமும் பாடினால் சாக்ஸ் சும்மா தொங்கும், ஊதினால் பாட்டு நிற்கும்.

பழைய பதிவைப் போட்டுக் கேட்டோம். அதில் என் மூச்சே இல்லை, அண்ணா. ஒரே வரி திரும்பத் திரும்பச் சுற்ற வேண்டும் என்பதால், பாட்டுக்கு முன்னால் வரும் மூச்சை அப்போதே வெட்டி எறிந்துவிட்டார்கள். இருந்தால் சுற்றும்போது இடிக்குமாம். கேட்க சுத்தமாகத்தான் இருக்கிறது.

இந்த வித்தையைப் பற்றி நீ என்ன நினைக்கிறாய்? உண்மையாகச் சொல்.

பீப்பி


மே 2

அன்புத் தங்கைக்கு,

ஆசிகள். எல்லோரும் நலம். உன் அண்ணி மட்டும் ஏனோ சரியாகச் சாப்பிடுவதில்லை, கேட்டால் முறைக்கிறாள். அந்தப் பெரிய மனிதர் பரீட்சையில் பாஸ் செய்துவிட்டார், அதனால் இனி யாரும் ரோட்டில் இறங்காமல் இருப்பது நல்லது.

வித்தை பிரமாதம்! உண்மையாகச் சொல் என்றாய், உண்மையாகவே சொல்கிறேன். நீயும் ஊதலாம், அம்மாவும் பழையபடி மேலே ஏறுவாள். யோசிக்காமல் சரி என்று சொல்லிவிடு. கடை நண்பர்கள் எல்லோரையும் ரேடியோ கேட்க வரச் சொல்லியிருக்கிறேன்.

நான் அனுப்பிய போனையும் சார்ஜரையும் திருப்பி அனுப்பு, பார்க்கிறேன். போன் என்றதும் நினைவுக்கு வருகிறது. போன வாரம் மத்தியானம் மிஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு போன். தெரியாத நம்பர். எடுத்தால் கரகரவென்று, தகர டப்பாவில் கல்லைப் போட்டுக் குலுக்கின மாதிரி ஒரு அம்மாள் குரல். "அண்ணா"ன்னது. "ராங் நம்பர்மா, இது பேக்கரி" என்று சொல்லி வைத்துவிட்டேன். மறுபடி அடிக்கவில்லை. கையில் மாவு, அதனால் கொஞ்சம் வெடுக்கென்று பேசிவிட்டேன். பாவம், யாருடைய தங்கையோ. அந்த அண்ணன் எங்கே இருக்கிறானோ.

அண்ணன்


மே 10

அண்ணிக்கு,

நலம்தானே?

உங்கள் நிபந்தனைப்படி முதல் போன் அவருக்குத்தான் போட்டேன். பேச்சுப் பயிற்சி தருகிற டீச்சரின் மேஜையிலிருந்த போனில். நான் அழுவதைப் பார்த்து அந்த டீச்சர், குரல் வந்துவிட்ட சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டார். அண்ணா என்ன சொன்னார் என்று, எனக்கு எழுதிய கடிதத்தைத் தபாலில் போடுமுன் அவரே உங்களுக்குப் படித்துக் காட்டியிருப்பார்.

அவரைக் குற்றம் சொல்லவில்லை. எனக்கே இந்தக் குரலைத் தெரியவில்லை. காலையில் குளியலறையில் வாயைத் திறந்தால் வேறு யாரோ இருப்பதுபோல் இருக்கிறது. பாட வருகிறது. கீழே, ஆழத்தில் வருகிறது, அது அவ்வளவு மோசமில்லை என்று பயிற்சி டீச்சர் சொல்கிறார். ஆனால் கூடப் பிறந்தவனே ராங் நம்பர் என்றால், கிடங்கு நிறைய வருகிறவர்கள் என்ன சொல்வார்கள்?

தட்டுக்காரரிடம் சரி என்று சொல்லிவிட்டேன். பழைய குரல் பாடட்டும், நான் ஊதுகிறேன். அண்ணாவுக்கும் அதுதானே பிடித்திருக்கிறது. அவர் இதைத் தெரிந்துகொள்ளவே வேண்டாம்.

நாத்தனார்


மே 18

அன்புள்ள நாத்தனாருக்கு,

நலம். அந்த ராங் நம்பர் பாராவை அவர் படித்துக் காட்டியபோது என் கையிலிருந்த டம்ளர் கீழே விழுந்தது. "என்ன ஆச்சு?" என்றார். கை வழுக்கிவிட்டது என்றேன். அன்றைக்கு எனக்கு உன்மேலும் கோபம், அவர்மேலும் கோபம், டம்ளர்மேலும் கோபம்.

வித்தை நன்றாக இருக்கும் என்று அவர் எழுதியது எதுவும் தெரியாமல். உண்மையைச் சொல் என்று கேட்டுவிட்டு, உண்மையை நீ மறைத்தால் அவர் எதற்குப் பதில் சொல்வார்? அவர் சம்மதம் கொடுத்துவிட்டார் என்று பழியை அவர் தோளில் ஏற்றிவிட்டு நீ ஒளிந்துகொள்ளாதே.

நான் வாக்குக் கொடுத்தேன், மீற மாட்டேன். ஆனால் அந்த வாக்கு ரேடியோ நிகழ்ச்சிவரைக்கும்தான். அன்றைக்கு அவரை ரேடியோ முன்னால் உட்கார வைப்பது என் பொறுப்பு. அதிலிருந்து யார் குரல் வரும் என்பது உன் பொறுப்பு.

வேளைக்குச் சாப்பிடு.

அண்ணி


ஜூன் 15, ஞாயிறு

அன்பு அண்ணாவுக்கு,

நலமா என்று கேட்கக்கூட பயமாக இருக்கிறது. மேடையிலிருந்து இறங்கி, கிடங்குக்கு வெளியே கயிற்றுக் கட்டின்மேல் உட்கார்ந்து எழுதுகிறேன். நீ ரேடியோ கேட்டாயா, பாதியில் அணைத்துவிட்டாயா என்று தெரியவில்லை.

நான் உன்னிடம் பொய் சொன்னேன். போன் உடையவே இல்லை. குரல் நரம்பில் முடிச்சு, ஆபரேஷன், பேசக் கூடாது என்ற உத்தரவு, எல்லாம் பிப்ரவரியிலேயே நடந்தது. அண்ணியைத் திட்டாதே, நான்தான் வாயைக் கட்டினேன். அன்றைக்கு "அண்ணா" என்று கூப்பிட்ட ராங் நம்பரும் நான்தான்.

இன்றைக்குச் சொன்னபடிதான் ஆரம்பித்தோம். தட்டுக்காரர் பழைய குரலை ஓட விட்டார், கூட்டம் கத்தியது, நான் ஊதினேன். தலைக்கு மேல் ஸ்பீக்கர் பெட்டிக்குள்ளிருந்து நானாக இருந்த அந்தச் சின்னப் பெண் "உள்ள வா, இன்னும் இடமிருக்கு" என்று சளைக்காமல் பாடுகிறாள். அவளுக்கு மூச்சு வாங்கவே இல்லை. எனக்கு வாங்கியது. ஊரையே உள்ளே கூப்பிடுகிற பாட்டில் எனக்குத்தான் இடமில்லாத மாதிரி இருந்தது, அண்ணா. நான் சாக்ஸைத் தொங்கவிட்டேன். குரலை எடுத்துவிடுங்கள் என்று தட்டுக்காரருக்குக் கையைக் காட்டினேன். அவர் மாட்டேன் என்று தலையாட்டினார். மறுபடி காட்டினேன். எடுத்துவிட்டார்.

வெறும் டும் டும் மட்டும். நான் பாடினேன். முதல் வார்த்தை உடைந்தது. முன்னால் ஆடிக்கொண்டிருந்த சிலர் நின்றுவிட்டார்கள். இரண்டாவது தடவை பிடிபட்டது, கீழே, என் நெஞ்சிலிருந்து. "இன்னும்" என்று ஏறுகிற இடம் வந்தது. என்னால் ஏற முடியவில்லை. நான் நிறுத்தின இடத்தில் கூட்டம் ஏறியது. அத்தனை பேரும் அண்ணாந்து பாடினார்கள். நான் கீழே நின்று அவர்களைத் தாங்கினேன். இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு கச்சேரி எனக்கு அமைந்ததில்லை.

உனக்குத்தான் அம்மா கேட்கவில்லை. அதற்கு மன்னித்துக்கொள்.

பீப்பி


ஜூன் 15, ஞாயிறு

அடியே பீப்பி,

இங்கே யாரும் நலமில்லை. அடுப்பிலிருந்த ரொட்டி அத்தனையும் கரி. கடைக்குள் ஒரே புகை. கூடியிருந்தவர்கள் இருமிக்கொண்டே கை தட்டுகிறார்கள்.

உன் அண்ணி என் தோளை அழுத்தி நாற்காலியில் உட்கார வைத்தாள். அறிவிப்பாளர் உன் கதையைப் படித்தார், மாவு மூட்டை விஞ்ஞானியும் வந்தான், எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பாட்டு ஆரம்பித்தது. அம்மா ஏறினாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். திடீரென்று குரல் நின்றுவிட்டது. ரேடியோ கெட்டுவிட்டது என்று நினைத்து அதன் தலையில் ஒன்று வைத்தேன். டும் டும் மட்டும் ஓடுகிறது.

அப்புறம் கேட்டது. உஸ், உஸ்.

நான் எழுந்துவிட்டேன். "அது அவதான்"னேன் உன் அண்ணியிடம். குரல் அதற்குப் பிறகுதான் வந்தது. அந்தக் குரலை எனக்குத் தெரியாது. ஆளைத் தெரியும். இரண்டாவது வரியில் அது எங்கே கேட்ட குரல் என்பதும் தெரிந்துவிட்டது, தகர டப்பா, கரகரப்பு, "அண்ணா". அங்கேயே, அத்தனை பேருக்கு முன்னால், மாவுக் கையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதேன். அண்ணி அவளுடைய வாக்கு முடிந்துவிட்டது என்று சொல்லி, ஆரம்பத்திலிருந்து எல்லாவற்றையும் கொட்டினாள். உன்னைத் திட்ட வேண்டியது நிறைய இருக்கிறது, அது நேரில்.

அம்மா குரல் நின்றபோது வலித்தது. இல்லை என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன், பொய் சொல்ல வீட்டில் ஒருத்தி போதும். ஆனால் ஒன்று புரிந்தது. இத்தனை வருஷமும் அம்மாவுக்காகத்தான் உன் பாட்டைக் கேட்டிருக்கிறேன். இன்றைக்குத்தான் முதல்தடவையாக உனக்காகக் கேட்டேன். நன்றாகப் பாடுகிறாய்டி. அம்மா வேண்டுமென்றால் பழைய தட்டு இருக்கிறது, போட்டுக்கொள்கிறேன்.

அன்றைக்கு மிஷின் ஓடிய சத்தத்தில் உன் மூச்சு எனக்குக் கேட்கவில்லை. இனிமேல் கடையில் போன் மணி அடித்தால் முதலில் மிஷினை நிறுத்துவது என்று முடிவு செய்துவிட்டேன். கடிதம் கிடைத்ததும் கூப்பிடு. நீ "அண்ணா" என்று சொல்ல வேண்டாம். வாயைத் திறக்குமுன் இரண்டு மடக்கு இழுப்பாயே, அதற்குள் நான் சொல்லிவிடுவேன், "சொல்லுடி பீப்பி" என்று.

உன் அண்ணன்